தாயாரம்மாள் வீட்டுத் தளம்

பம்மலில் யார் வீட்டுக்கு மேலே கான்கிரீட் தளம் போட்டாலும் சரி, கலவை மிஷினைக் கிளப்புவதற்கு முன்னால் மேஸ்திரி முனிரத்தினம் ஒரே ஒரு ஆளிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேட்பான். அந்த ஆள் எஞ்சினியரும் அல்ல, வீட்டுக்காரரும் அல்ல. மணல் குவியல் மேல் உட்கார்ந்து தலைக்குச் சும்மாடு சுற்றிக்கொண்டிருக்கும் சித்தாள் தாயாரம்மாள்.

“இன்னாக்கா, சாயங்காலம் வருமா?”

வருமா என்றால் மழை வருமா என்று அர்த்தம். தாயாரம்மாள் உடனே வாயைத் திறந்துவிட மாட்டாள். கொஞ்சம் பந்தா உண்டு. எழுந்து, புடவையை உதறி, வானத்தைப் பார்ப்பாள். மேகத்தைப் பார்க்கிறாள் என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். மேகத்தை யார் பார்த்தார்கள்? அவள் பார்ப்பது விமானத்தை.

பம்மலில் எந்த மொட்டைமாடியில் ஏறி நின்றாலும் வடக்கே விமான நிலையத்தில் விமானம் ஏறுவதும் இறங்குவதும் தெரியும். தாயாரம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் முப்பது வருஷம் அடுத்தவர் வீட்டு மாடியில்தான் நின்றிருக்கிறாள். கோடையின் கடைசியில், ஆனி மாதத்தில், காலை முழுக்க மேற்குக் காற்றுதான் அடிக்கும். அடுப்பைத் திறந்து வைத்த மாதிரி அனலாக அடிக்கும். அந்த நேரத்தில் விமானங்கள் அனகாபுத்தூர் பக்கமாக, மேற்கே முகம் வைத்து ஏறும். கடல் காற்று உள்ளே வந்துவிட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும். விமானம் மேற்கேயிருந்து வந்து இறங்கும், கிழக்கே கடலைப் பார்த்து ஏறும். காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மூஞ்சியை வைத்துத்தான் விமானம் ஏறும், இறங்கும் என்று அவளுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

அவள் கணக்கு எளிமையானது. பதினோரு மணிக்குள் விமானம் திரும்பிவிட்டால் கடல் காற்று சீக்கிரம் வந்துவிட்டது. வெயில் அடங்கும், சாயங்காலம் மழை கிடையாது. இரண்டு மணி வரை திரும்பவில்லை என்றால் மண்டை பிளக்கும். நாலு மணிக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்து, இடித்து, கொட்டித் தீர்க்கும். டிவியில் தினமும் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு என்று சொல்வார்கள். அந்த ஓரிரு இடம் பல்லாவரமா, பழைய பெருங்களத்தூரா என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் அடுத்த நாள் ஜனங்கள் சும்மா விடுவார்களா? தாயாரம்மாள் சொல்வாள். முனிரத்தினம் அதை நம்பி மிஷினைக் கிளப்புவான், அல்லது எல்லோரையும் வீட்டுக்கு அனுப்புவான். இருபது வருஷத்தில் அவள் வாக்கு நாலைந்து தடவைதான் பொய்த்திருக்கிறது.

தளம் போடுகிறவனுக்கு மழை மேல் ஏன் இத்தனை பயம் என்று கேட்கலாம். கலவையைக் கொட்டி நாலைந்து மணி நேரத்துக்குள் மழை பெய்தால் சிமென்ட் பால் கரைந்து ஓடிவிடும், ஜல்லி பல்லிளிக்கும். அந்த நாலைந்து மணி நேரம் தாண்டிவிட்டால் அதே மழை வரம். இறுகின தளத்துக்கு மூன்று வாரம் தண்ணீர் கட்டி நிறுத்தி வைப்பார்கள், தெரியுமல்லவா. ஆக, மழை நல்லதா கெட்டதா என்பது அது எத்தனை மணிக்கு வருகிறது என்பதைப் பொறுத்தது.

இத்தனை வீட்டுக்குத் தளம் சுமந்தவளின் சொந்த வீட்டுக்குத் தளம் இல்லை. சங்கர் நகருக்குப் பின்னால், தோல் ஷெட்டுகள் இருந்த பக்கத்தில், இரண்டு அறை, மேலே சிமென்ட் ஷீட். தோல் ஷெட்டில் வேலை செய்த அவள் புருஷன் துரைராஜ் பதினோரு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தான். ஒரே மகள் துர்கா. அவளைப் படிக்க வைத்து, குணா என்ற பையனுக்குக் கட்டிக் கொடுத்தாள். குணா நாவலூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். நல்ல பையன், அம்மா பேச்சைத் தட்டாதவன். அம்மா சுப்புலட்சுமியோடு பெரும்பாக்கத்தில், அரசாங்கம் கட்டிக் கொடுத்த அடுக்குமாடியில், எட்டாவது மாடியில் குடியிருந்தான்.

துர்கா வயிற்றில் குழந்தை நின்றது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். இதில் பேச்சுக்கே இடமில்லை என்று தாயாரம்மாள் நினைத்திருந்தாள். சித்திரையில் இரண்டு நாள் தங்குவதற்கு வந்த துர்கா, இரண்டாம் நாள் மத்தியானம் குடத்தைத் தூக்கப் போனவள் கண் இருட்டி அப்படியே சரிந்தாள். ஷீட்டுக்கு அடியில் அந்த நேரத்தில் நல்ல உடம்புக்காரனே தாங்க மாட்டான். சேதி போய், ஷேர் ஆட்டோ மாறி மாறி ஏறி சுப்புலட்சுமி வந்து சேர்ந்தாள். உள்ளே வந்து நின்று, அண்ணாந்து ஷீட்டைப் பார்த்தாள்.

“சம்மந்தி, தப்பா எடுத்துக்காத,” என்றாள். “பச்ச ஒடம்புக்காரியையும் கொயந்தையையும் இதுக்கு அடில எப்டி வுடறது? எங்க வூட்ல காத்து பிச்சிகினு வருது. அங்கியே பெத்துக்கட்டும்.”

அதில் ஒரு வார்த்தை கூடத் தப்பில்லை. அதனால்தான் தாயாரம்மாளுக்கு அவ்வளவு வலித்தது. சுப்புலட்சுமி கெட்டவளாக இருந்திருந்தால் சண்டை போட்டு ஆற்றிக்கொண்டிருப்பாள்.

“அடுத்த தபா வரசொல்லோ தளம் இருக்கும்,” என்றாள் தாயாரம்மாள்.

“இருந்தா சந்தோசமா அனுப்பறேன். எனக்கு இன்னா வேண்டுதலா?” என்றாள் சுப்புலட்சுமி.

சித்திரை முடிந்ததும் ஷீட்டைப் பிரித்தாள். எதிர்வீட்டு சுபத்ரா தன் மாடிப்படிக்கு அடியில் ஒரு பாய் விரிக்க இடம் கொடுத்தாள். சுவரை இரண்டடி ஏற்றினார்கள், பலகை அடித்தார்கள், தளம் இறுகும் வரை தாங்க அடியில் சவுக்கு முட்டு கொடுத்தார்கள், கம்பி கட்டினார்கள். எல்லாம் கூட நின்று வேலை செய்தவர்களின் கை. ஒருத்தன் ஒழிந்த நாளில் வந்து செய்வான், இன்னொருத்தன் வேலை விட்டுப் போகிற வழியில் செய்வான். அதனாலேயே நாள் இழுத்துக்கொண்டு போனது. கடைசியில் ஆனி எட்டாம் தேதி என்று முடிவானது. அன்றைக்குப் போட்டால் இருபத்தோரு நாள் கழித்து, ஆனி இருபத்தொன்பதில் முட்டு பிரிக்கலாம். முப்பதாம் தேதி வளைகாப்பு. வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணை அழைத்துக்கொண்டு வரலாம். அந்த நாளை விட்டால் ஆடி பிறந்துவிடும். ஆடியில் வளைகாப்பு கிடையாது, பெண்ணை அனுப்புகிற பழக்கமும் கிடையாது. ஆவணி வருவதற்குள் குழந்தையே பிறந்துவிடும்.

முனிரத்தினத்துக்கும் வேறு நாள் இல்லை. ஒன்பதாம் தேதியிலிருந்து சேலையூரில் பெரிய கட்டடம் ஒன்றை ஒப்புக்கொண்டிருந்தான். போனால் பத்து நாள் அசைய முடியாது.

இதெல்லாம் சரி. ஆனால் ஐந்தாம் தேதி, ஆறாம் தேதி, ஏழாம் தேதி, மூன்று நாளும் சாயங்காலம் இடியோடு மழை.

எட்டாம் தேதி காலை ஏழு மணிக்கு மிஷின் வந்து சந்தில் நின்றது. ஆட்கள் பன்னிரண்டு பேர். மூலையில் ஒரு செங்கல் வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டினார்கள். ஏழு மணிக்கே முதுகில் வெயில் அறைந்தது. முனிரத்தினம் வழக்கம்போல வந்தான். இந்த முறை அவள் மணல் குவியலில் உட்கார்ந்திருக்கவில்லை. வீட்டுக்காரியாயிற்றே, தலைக்குக் குளித்து, இருப்பதில் நல்ல புடவையைக் கட்டி, அதன்மேல் துரைராஜின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

“இன்னாக்கா, சாயங்காலம் வருமா?”

தாயாரம்மாள் வடக்கே பார்த்தாள். ஒரு விமானம் மேற்கே பார்த்து ஏறிக்கொண்டிருந்தது.

“இரு. திரும்பட்டும்.”

காத்திருந்தார்கள். எட்டு ஆனது. ஒன்பது ஆனது. மிஷின்காரன் லாசரஸ் டீசல் ஊற்றி வைத்துவிட்டு பீடி பிடித்தான். பெண்கள் சுபத்ரா வீட்டு நிழலில் ஒண்டினார்கள். வேறு வீடாக இருந்தால், மூன்று நாளாகப் பெய்ததை வைத்தே தாயாரம்மாள் இந்நேரம், “போய்ப் படு மேஸ்திரி, இன்னிக்கு ஆவாது” என்று சொல்லியிருப்பாள். அன்றைக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு விமானச் சத்தத்துக்கும் நிமிர்ந்து பார்த்தாள். எல்லாம் மேற்கே, மேற்கே, மேற்கே.

ஒன்பதே முக்காலுக்கு ஒன்று மேற்கேயிருந்து தாழ வந்து, மெதுவாக இறங்கியது. பின்னாலேயே இன்னொன்று. கன்னத்தில் லேசாக ஈரக் காற்று பட்டது. கடல் காற்றுதான், சந்தேகமே இல்லை.

“கெளப்பு,” என்றாள் தாயாரம்மாள்.

லாசரஸ் மிஷினைக் கிளப்பியதும் தெருவே அதிர்ந்தது. அதற்கப்புறம் யாருக்கும் யாரோடும் பேச நேரமில்லை. ஜல்லி, மணல், சிமென்ட், தண்ணீர். கலவை நிறைந்த இரும்புச் சட்டி கை மாறி, தலை மாறி, ஏணிச் சாரத்தில் மேலே போனது. காலிச் சட்டி சறுக்கிக்கொண்டு கீழே வந்தது. வீட்டுக்காரி சும்மா நிற்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தாயாரம்மாள் நிற்கவில்லை. சாரத்தின் உச்சிப்படியில், எப்போதும் நிற்கிற அதே இடத்தில் போய் நின்றுகொண்டாள். முப்பது வருஷமாகத் தூக்கின சட்டிதான். அன்றைக்குத் தூக்கினதில் மட்டும் கனமே தெரியவில்லை என்று பின்னால் சுபத்ராவிடம் சொன்னாள்.

முதலில் வாசல் பக்கத்து அறை. அது முடிந்து நடுச்சுவரைத் தொட்டபோது மணி பன்னிரண்டரை. அடுத்தது உள் அறை, துர்கா படுக்கப் போகிற அறை. ஃபேன் மாட்டுகிற கொக்கியை அதில் எங்கே வைப்பது என்று தாயாரம்மாள் பத்து நாளாக யோசித்து, கீழே கட்டில் போடுகிற இடத்தை அளந்து, நேர் மேலே பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் குறி போட்டு வைத்திருந்தாள். குனிந்து கொக்கியை வைத்துக் கம்பியோடு கட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

இறங்குகிற சத்தம் வேறு, ஏறுகிற சத்தம் வேறு. இது ஏறுகிற சத்தம். நிமிர்ந்தாள். விமானம் மேற்கே பார்த்து ஏறிக்கொண்டிருந்தது.

ஒன்றுதானே, ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்தாள். ஐந்து நிமிஷத்தில் இன்னொன்று, அதுவும் மேற்கே. கன்னத்தில் இருந்த ஈரம் போய், பழையபடி அனல் அடித்தது. கடல் காற்று எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கிவிட்டது. மேற்குக் காற்று திரும்பி வந்திருக்கிறது என்றால், இன்னும் மூன்று மணி நேரத்தில் என்ன வரும் என்று பம்மலில் அவளை விட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

அப்போது சொல்லியிருக்கலாம். சரியாகச் சொல்ல வேண்டிய இடமும் அதுதான். நடுச்சுவருக்கு மேல் வேலையை நிறுத்தினால் தளத்துக்குப் பெரிய பாதகமில்லை. மீதியை இன்னொரு நாள் ஒட்டிப் போட்டுக்கொள்ளலாம். அந்த இன்னொரு நாள் சேலையூர் முடிந்து பத்து நாள் கழித்து வரும். அதற்கு மேல் இருபத்தோரு நாள். ஆடி பிறந்து ஒரு வாரம் போய்விடும். துர்கா எட்டாவது மாடியிலேயே பெற்றுக்கொள்வாள். தாயாரம்மாள் பார்சல் சாப்பாட்டோடு போய்ப் பார்த்துவிட்டு வரலாம், விருந்தாளி மாதிரி.

அவள் கொக்கியை இறுக்கிக் கட்டினாள். அடுத்த சட்டிக்குக் கையை நீட்டினாள்.

வழக்கமாக முனிரத்தினம் சோற்றுக்கு முன்னால் இன்னொரு தரம் வந்து கேட்பான். அன்றைக்குக் கேட்கவில்லை. மட்டப்பலகையைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி கலவையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். தாயாரம்மாள் அதைத் தன் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டாள். சோற்று நேரமும் வந்தது. ஆட்களுக்காகச் சொல்லி வைத்திருந்த பிரியாணி அண்டா சுபத்ரா வீட்டு வாசலில் வந்து இறங்கியது. ஒருத்தரும் கீழே இறங்கவில்லை.

“சோறு அப்பால துன்னலாம்,” என்று கீழேயிருந்து கத்தினான் லாசரஸ். “சட்டிய வுடு, சட்டிய வுடு.”

பிரியாணிக்காக மிஷினை நிறுத்தாத லாசரஸை அவள் அதுவரை பார்த்ததில்லை. சீக்கிரம் முடித்துவிட்டு நிதானமாகச் சாப்பிடுவார்களாக்கும் என்று நினைத்தாள். சட்டிகள் முன்னை விட வேகமாக வந்தன. குற்றம் செய்தவளுக்கு அடுத்தவர் முகத்தைப் பார்க்கத் தோன்றுமா? தலையைக் குனிந்தபடி வாங்கி வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டு மணிக்கு சுப்புலட்சுமி வந்து இறங்கினாள். கையில் ஒரு தூக்கு மோர். தளம் நிஜமாகவே நடக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம் என்ற எண்ணம் அவளுக்கு இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. கீழே நின்று, அண்ணாந்து, ஏறிப்போகிற சட்டிகளைப் பார்த்தாள்.

“பரவால்ல சம்மந்தி,” என்றாள். “சொன்ன மாரி செஞ்சிட்ட.”

அந்த வார்த்தையைக் கேட்க எத்தனை நாளாகக் காத்திருந்தாளோ, அது வந்தபோது தாயாரம்மாளால் சந்தோஷப்பட முடியவில்லை. மேற்கே பார்க்காமல் இருக்கக் கழுத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்குக் கடைசிச் சட்டி ஏறியது. மூன்றேகாலுக்குக் காற்று அடியோடு நின்றது. வேப்பமரத்தில் இலை அசையவில்லை, காக்காய்கள் எங்கோ போய்விட்டன. மேற்கே, குன்றத்தூருக்கு அந்தப் பக்கம், வானம் கரி பூசினது போல எழும்பி வந்தது. முதல் இடி இடித்தபோது முனிரத்தினம் பலகையைக் கீழே போட்டான்.

“தார்ப்பாய்,” என்றான்.

தார்ப்பாய் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வாசல் பக்கத்து அறைக்கு அவ்வளவு கவலையில்லை; அது முடிந்தே மூன்று மணி நேரம் ஆகப்போகிறது, மேல்பரப்பு இறுகிவிட்டது. உள் அறைதான். பாதி அறையைத் தார்ப்பாய் மூடியது. மீதிப் பாதி, கொக்கி இருக்கிற பாதி, மாவு மாதிரி ஈரமாக, திறந்து கிடந்தது.

தாயாரம்மாள் தெருவில் ஓடினாள். ஐம்பத்திரண்டு வயதில், கணுக்கால் வரை சிமென்ட் பூசின காலோடு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, “ஃப்ளெக்ஸ் கீதா? ஃப்ளெக்ஸ் குடு” என்று கேட்டாள். பம்மலில் ஃப்ளெக்ஸ் பேனர் இல்லாத வீடு உண்டா? காதுகுத்தோ கல்யாணமோ சாவோ, எது நடந்தாலும் ஆளுயரப் படம் போட்டுத் தெருமுனையில் கட்டுவார்கள். முடிந்ததும் அவிழ்த்துக் கொண்டுபோய் மாடிக்கோ மாட்டுக்கோ மூடுவார்கள். அந்தத் தெருவில் ஒன்பது வீட்டுத் தளத்துக்குக் கலவை சுமந்தவள் அவள். கேட்டு முடிப்பதற்குள் மாடியிலிருந்து சுருட்டிச் சுருட்டி எறிந்தார்கள். சுபத்ரா தன் கொடியில் கிடந்த துணியை விட்டுவிட்டு, பைக்கை மூடியிருந்த பேனரை உருவிக் கொடுத்தாள்.

கனத்த துளி சடசடவென்று விழ ஆரம்பித்தபோது, தளத்தின் மேல் ஒரு மஞ்சள் நீராட்டு விழாப் பெண் சிரித்துக்கொண்டு படுத்திருந்தாள். பக்கத்தில் காது குத்தின இரட்டைக் குழந்தைகள். இன்னும் ஒரு மூலை பாக்கி. தாயாரம்மாள் சுற்றும்முற்றும் பார்த்தாள். சிமென்ட் மூட்டைகளை மூடி வைத்திருந்த பேனர் காலிச் சாக்குகளோடு கீழே கிடந்தது. பதினோரு வருஷத்துக்கு முந்தையது. கண்ணீர் அஞ்சலி என்று மேலே எழுதி, நடுவில் துரைராஜ், கல்யாணத்தில் எடுத்த கோட்டுப் படத்தில். ஒரு மாதமாகச் சிமென்ட்டுக்குக் காவலிருந்தவனை உதறி எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள். கொக்கி இருக்கிற மூலையில் அவனை விரித்தாள்.

காற்று கிளம்பியது. பேனர்களைப் பிய்த்து எறிவதுபோல அடித்தது. செங்கல் வைத்தால் செங்கலின் கனத்தில் ஈரத் தளம் குழிந்துவிடும். ஓரத்தில், சுவர் மேல் நின்று கையால்தான் பிடிக்க வேண்டும். பன்னிரண்டு ஆட்களும் சுற்றிலும் சுவர் மேல் குந்திக்கொண்டு ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்தார்கள். மின்னலுக்குப் பயந்து ஒருத்தர் கூட இறங்கவில்லை, இறங்கியிருந்தால் யாரும் குறை சொல்லவும் மாட்டார்கள். தாயாரம்மாள் துரைராஜின் தலைமாட்டைப் பிடித்தாள். கால்மாடு படபடத்துக்கொண்டிருந்தது. அதை யாரோ வந்து பிடித்தார்கள். பார்த்தால் சுப்புலட்சுமி. ஏணியில் எப்படி ஏறினாளோ தெரியவில்லை, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுவர் மேல் குந்தியிருந்தாள்.

“எறங்கு சம்மந்தி, விழுந்துகிழுந்து வெப்ப,” என்று கத்தினாள் தாயாரம்மாள்.

“ஆத்தோரம் குடிசல இருவது வருசம் இப்டிதான் நாலு மூலையும் புட்ச்சிகினு குந்திகினு இருந்தோம்,” என்றாள் சுப்புலட்சுமி. “நீ ஒயுங்கா புடி.”

நாற்பது நிமிஷம் பெய்தது. அதற்கப்புறம் சல்லென்று குளிர்ந்துபோய், ஈர மண் வாசனை கிளம்பியது. பேனர்களை எடுத்துப் பார்த்தபோது பெரும்பாலும் தப்பித்திருந்தது. கொக்கி மூலையில் மட்டும், ஒரு தாம்பாளம் அளவுக்கு, ஃப்ளெக்ஸின் ஓட்டை வழியாகத் தண்ணீர் ஒழுகி சிமென்ட் பால் போய் ஜல்லி தெரிந்தது. முனிரத்தினம் அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுக் கலவை போட்டுத் தேய்த்தான். ஆறின பிரியாணியை எல்லோரும் நனைந்த துணியோடு சாப்பிட்டார்கள். யாரும் அவளிடம், “இன்னாக்கா, உன் கணக்கு இப்டி ஆயிப்போச்சே” என்று கேலி பேசவில்லை. அவர்கள் அப்படிச் சும்மா விடுகிற ஆட்களே அல்ல. அதுவும் அவளை உறுத்தியது.

போகும்போது சுப்புலட்சுமி சொன்னாள்: “முட்டு பிரிக்கட்டும் சம்மந்தி. தளம் நின்னா அனுப்பறேன். வயித்துப் புள்ளக்காரி, இல்லியா?”

அந்த இருபத்தோரு நாளும் தாயாரம்மாளுக்குத் தூக்கமில்லை. தினமும் விடிந்ததும் மாடியேறி, பாத்தி கட்டின தளத்தில் தண்ணீர் நிரப்புவாள். மழை வேறு நாள் விட்டு நாள் பெய்து அவள் வேலையைப் பாதி குறைத்தது. இப்போது நல்லவன் மாதிரி வருகிறாயா என்று அதைத் திட்டுவாள். கீழே முட்டுக் காட்டுக்குள் குனிந்து போய், கொக்கி இருக்கிற மூலையைப் பார்ப்பாள். பலகை மூடியிருக்கும், பார்த்தால் ஒன்றும் தெரியாது. பயமெல்லாம் ஒன்றுதான். தான் வாயை மூடிக்கொண்டு போட்ட தளம். அதற்குக் கீழேதான் மகளும் குழந்தையும் படுக்கப் போகிறார்கள். என்றைக்காவது ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தால்?

ஆனி இருபத்தொன்பது. முனிரத்தினமும் ஆட்களும் வந்தார்கள். வாசல் அறையில் பலகை முழுதும் பிரித்தாகிவிட்டது, தளம் கண்ணாடி மாதிரி இருந்தது. உள் அறையிலும் ஒவ்வொரு முட்டாகத் தட்டி எடுத்தார்கள். கொக்கிக்குப் பக்கத்தில் கடைசி முட்டு ஒன்று நின்றது. கடைசி முட்டை மேஸ்திரிதான் தட்டுவான், அப்போது அடியில் வேறு யாரும் நிற்கக் கூடாது. எல்லோரும் வெளியே போனார்கள். தாயாரம்மாள் மட்டும் போகவில்லை. சுத்தியலைக் கேட்டுக் கையை நீட்டினாள்.

“நான் தட்றேன்.”

“இன்னாக்கா வெளாட்றியா? வெளிய போ.”

“முனி,” என்றாள். அவன் வேலை கற்க வந்த காலத்தில் கூப்பிட்ட பேர் அது. மேஸ்திரி ஆன பிறகு அவள் கூப்பிட்டதில்லை. “அன்னிக்கு மத்தியானம் பிளேன் மறுபடி மேக்க திரும்பிடுச்சி. கொக்கி கட்டிகினு இருந்தப்போ பாத்தேன். ரெண்டு பாத்தேன். சொன்னா நிறுத்திடுவன்னு சொல்லல. உங்க எல்லாரையும் இடி மின்னல்ல நிக்க வெச்சேன். விழுந்தா என் மேல விழட்டும். நீ வெளிய போ.”

முனிரத்தினம் சுத்தியலைக் கொடுக்கவில்லை. தலைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“நானும் பாத்தேன்க்கா,” என்றான்.

தாயாரம்மாள் நீட்டின கையைக் கீழே இறக்கினாள்.

“நீ நிமுந்து பாத்ததையும் பாத்தேன். நீ சொல்லிடுவியோன்னுதான் திரும்பாம நின்னேன். சொல்லிட்டா நான் நிறுத்தியே ஆவணும்.” வாசல் பக்கம் கையைக் காட்டினான். “நான் மட்டும் இல்ல. லாசரஸ் பாத்தான். அந்தப் பொம்பளைங்க எல்லாம் பாத்தாங்க. இருவது வருசமா உன் கூட மாடில நிக்கிறோம், எந்தப் பிளேன் எந்தப் பக்கம் போனா இன்னான்னு எங்களுக்குத் தெரியாதா? சும்மா ஒரு மருவாதிக்கு உன்னக் கேப்பேன். அதான் சோறு கூட துன்னாம ஓடினோம். மூணரைக்குள்ள மூடிடலாம்னு பாத்தோம். பத்து நிமிசம் முந்திகிச்சி.”

வாசலில் நின்ற பதினொரு பேரில் ஒருத்தரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. லாசரஸ் பீடிக்கு நெருப்பு தேடிக்கொண்டிருந்தான். தாயாரம்மாளுக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை. அவள் ஒருத்தியாகச் சுமந்ததாக நினைத்துக்கொண்டிருந்ததைப் பன்னிரண்டு பேர் கை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

“அப்ப ரெண்டு பேரும் நிப்போம்,” என்றான் முனிரத்தினம்.

இரண்டு பேரும் அடியில் நின்றார்கள். அவன் முட்டின் காலில் ஓங்கி ஒரு அடி அடித்தான். நகரவில்லை. இரண்டாவது அடியில் முட்டு சாய்ந்து விழுந்தது, பலகை தொம்மென்று இறங்கியது, கண்ணில் தூசி விழுந்தது. மேலே ஒன்றும் அசையவில்லை. முனிரத்தினம் ஸ்டூல் போட்டு ஏறி, மூலை மூலையாகச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டான். பால் போன இடத்திலும் தட்டினான். இன்னொரு தரம் தட்டினான். அப்புறம் கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து, காலை மடக்கி, தன் முழுக் கனத்தையும் போட்டுத் தொங்கினான். எண்பது கிலோ ஆள். கொக்கி தாங்கியது.

“எறங்கு,” என்றாள் தாயாரம்மாள். “ஃபேனுக்கு வெச்சது அது, உனக்கு இல்ல.”

வெளியே வந்து போனை எடுத்தாள். சிமென்ட் தூசியைத் துடைத்துவிட்டு நம்பரை அழுத்தினாள். துர்காதான் எடுத்தாள்.

“அம்மா, பிரிச்சாச்சா? அத்தை பக்கத்துலயே குந்திகினு கீறாங்க, கேளு கேளுன்னு.”

“நிக்குதுன்னு சொல்லு,” என்றாள் தாயாரம்மாள். “துணிய எடுத்து வை. நாளைக்கு வளையல் போட்டதும் கூட்டிகினு வந்துடறேன்.”